பழைய டப்பா, புது ரோட்டர்

அம்பாசடர் டாக்சி ஓடிய காலத்தில், வண்டி வழியில் நின்றால் டிரைவர் பதறமாட்டார். பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டு, கருத்துப்போன பாயின்ட்டை எமரி பேப்பரால் தேய்ப்பார். பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்கவேண்டும், கண்ணளவிலேயே வைத்துவிடுவார். பிளக் இடைவெளிக்கு ஹாக்சா பிளேடு ஒன்று போதும்.

அன்று உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. 1961-ல் நிறுவப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் செய்தது. புது வண்டிக்குப் போன சரக்கே கடைக்கும் வந்தது. உள்ளூரில் இல்லையென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கலாம். டூப்ளிகேட் அப்போதும் உண்டுதான். ஆனால் பக்கத்திலேயே ஒரிஜினல் இருந்ததால் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

2014 மே மாதத்தில் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இன்று அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆசைக்காகவோ கல்யாண ஊர்வலத்துக்காகவோ வைத்திருக்கிறார்கள். 1489 சிசி பெட்ரோல் வண்டிக்குப் பாகம் தேடினால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, டப்பா பிரிக்காத பழைய ஸ்டாக். இன்னொன்று, அதே அச்சில் புதிதாகச் செய்தது. பழசுதான் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் விலை கொடுப்பவர்கள் நிறைய.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட்டைப் பிரித்துவிடும் ரோட்டரைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. மேலே இருக்கும் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கிற ரிவெட் கொஞ்சம் நீளமாகிவிட்டாலோ, பிளாஸ்டிக் மட்டமாக இருந்தாலோ, பல்லாயிரம் வோல்ட் கரன்ட் பிளக்குக்குப் போகாமல் அடியிலுள்ள தண்டு வழியே எர்த் ஆகிவிடும். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிற வண்டி சூடானதும் நின்றுவிடும். பிரிட்டனிலும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதே தலைவலிதான். அங்கே ரிவெட்டே இல்லாத சிவப்பு ரோட்டர் செய்து விற்கிறார்கள். பாயின்ட்டிலும் அப்படித்தான். கேமில் உரசும் குதிகால் மட்டமான பிளாஸ்டிக்காக இருந்தால் சீக்கிரம் தேய்ந்து, இடைவெளி தானாகக் குறைந்துவிடும்.

பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டன்சர் விஷயத்தில் கதை மாறும். அதற்குள் இருப்பது உலோகத் தாளும் காப்புத் தாளும் சேர்த்துச் சுருட்டிய சுருள். அலமாரியில் சும்மா கிடந்தாலும் வருடக்கணக்கில் அதில் ஈரம் ஏறும். மல்டிமீட்டரில் 0.2 மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டும். ஆனால் பாயின்ட் திறக்கும் நொடியில் சில நூறு வோல்ட் அதன்மேல் ஏறும்; ஈரம் ஏறிய காப்பு அதைத் தாங்காது. மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அந்தக் கோளாறு தெரியாது. ரப்பர் சீல், வயர் உறை, கிரீஸ் இவையும் டப்பாவுக்குள்ளேயே வயதாகிறவைதான்.

ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் பாடி, பித்தளை டெர்மினல், ரோட்டர் போன்றவற்றுக்குப் பழைய ஸ்டாக் தேடுவதில் அர்த்தம் உண்டு. கண்டன்சரும் ரப்பரும் நல்ல தயாரிப்பாகப் பார்த்துப் புதிதாகவே வாங்கலாம். ரோட்டர் எதுவானாலும் மாட்டியபின் சோதியுங்கள்: மூடியைக் கழற்றி, காயில் வயரை ரோட்டரின் நடுத்தகட்டுக்குக் கொஞ்சம் மேலே, நன்றாகக் காப்பிட்ட பிடியால் பிடித்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். தகட்டுக்குத் தொடர்ந்து தீப்பொறி பாய்ந்தால் ரோட்டர் கசிகிறது.

பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடுவது இப்போது வழக்கம். அப்போதும் ரோட்டரும் மூடியும் அப்படியே இருக்கும்; மாட்யூல் செத்தால் எமரி பேப்பர் உதவாது. கழற்றிய பாயின்ட் செட்டையும் கண்டன்சரையும் டிக்கியிலேயே போட்டு வைத்தால், ஊர் போய்ச் சேரலாம்.