மந்திரிக்கு ஒரு வாத்தியார்!

வாத்தியார் என்றால் வயசானவர், சிஷ்யன் என்றால் சின்னப் பையன். இதுதான் நம் ஊர்க் கணக்கு. ஆபீஸிலும் அப்படித்தான். புதுசாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால், ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி இருக்கும் ஹெட் கிளார்க் பக்கத்தில் உட்கார வைத்து, 'சார்கிட்ட கத்துக்கோப்பா' என்பார்கள். அவரும் முதல் பாடமாக, எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று சொல்லித் தருவார்.

தைவானில் இதைத் தலைகீழாக்கினார்கள். மந்திரிதான் சிஷ்யர். வாத்தியார், பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட முப்பத்து மூன்று வயசுக் கம்ப்யூட்டர் ஆசாமி. பெயர் ஆட்ரி டாங்.

கதை 2014 மார்ச் 18ல் ஆரம்பிக்கிறது. சீனாவோடு ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை அவசர அவசரமாக நிறைவேற்றப் பார்த்தது அரசு. கோபம் கொண்ட மாணவர்கள் நேராகப் பாராளுமன்றத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று வாரத்துக்கு மேல்! உள்ளே நடப்பதை வெளியில் இருக்கும் ஜனங்கள் நேரடியாகப் பார்க்க ஒயர் இழுத்து, காமிரா வைத்துக் கொடுத்தது 'கவ் ஜீரோ' என்ற கோஷ்டி. 2012ல் கிளம்பிய கம்ப்யூட்டர் இளைஞர்கள். அரசாங்க இணைய முகவரியில் உள்ள 'ஓ' எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு பூஜ்யம் போட்டால் இவர்களின் பக்கம் வரும். முதல் வேலையாக அரசு பட்ஜெட்டை யாருக்கும் புரிகிற மாதிரி படமாகப் போட்டார்கள். (பி.காம். படித்த எனக்கே பட்ஜெட் புரியாது என்பது தனிக் கதை.)

அந்த வருஷ டிசம்பரில் ஜாக்லின் சாய் என்ற மந்திரி இவர்கள் கூட்டத்துக்கே வந்தார். 'புதுச் சட்டங்களை ஜனங்களோடு பேசி எழுத வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை, கற்றுக் கொடுங்கள்' என்பதுதான் அவர் வந்த விஷயம். ஆட்ரி டாங் அவருக்கு வாத்தியார் ஆனது இப்படித்தான். 2016ல் வாத்தியாரே மந்திரியாகிவிட்டார்.

பாடம் என்ன? சண்டை போடவிடாமல் ஜனங்களைப் பேச வைப்பது. 2015ல் ஊபர் டாக்ஸி விவகாரம் வெடித்தது. டாக்ஸி டிரைவர்கள் ஒரு பக்கம், ஊபர்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் பயணிகள். 'போலிஸ்' என்ற ஒரு சாஃப்ட்வேரை இறக்கினார்கள். (லத்தி வைத்திருக்கிற போலீஸ் இல்லை!) அதில் யாரும் தன் கருத்தை ஒரு வாக்கியமாக எழுதலாம். மற்றவர்கள் 'சரி', 'இல்லை', 'தெரியாது' என்று ஏதாவது ஒன்றை அழுத்தலாம், அவ்வளவுதான். பதில் எழுத இடமே கிடையாது. ஆகவே 'நீ யாருடா கேக்கறதுக்கு' என்று ஆரம்பிக்க வழியில்லை. யார் யார் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டும். அதைவிட முக்கியம், எதிரெதிர்க் கூட்டங்கள் இரண்டுமே 'சரி' என்று சொன்ன வாக்கியங்களை மேலே தூக்கிக் காட்டும். பார்த்தால், இன்ஷூரன்ஸ் வேண்டும், டிரைவருக்கு முறையான லைசென்ஸ் வேண்டும், வரி கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறே இல்லை! மறு வருஷம் வந்த விதிகளில் இவை இடம் பிடித்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது வருமான வரி சமாசாரம். 2017 மே மாதம் ஒருவர், 'வரி கட்டுகிற சாஃப்ட்வேர் வெடித்துச் சிதறும் அளவுக்கு மோசம்' என்று அரசின் மனுப் பக்கத்தில் எழுதிவிட்டார். வழக்கமாக இதற்கு என்ன நடக்கும்? 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு தபால். அங்கே 'அப்படியா, வாங்க, வந்து நீங்களே சரி பண்ணிக் காட்டுங்க' என்று கூப்பிட்டுவிட்டார்கள். திட்டினவர்களும் திட்டு வாங்கின அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து புது சாஃப்ட்வேருக்குத் திட்டம் போட்டார்கள். திட்டுகிறவனுக்குத்தான் எங்கே வலிக்கிறது என்று தெரியும் என்பது நியாயம்தானே?

இதெல்லாம் சரி, செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு? யார் குரலிலும் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்கிற காலம். ஸ்லோவாகியாவில் 2023 செப்டம்பர் 30 அன்று தேர்தல். இரண்டு நாள் முன்னால், ஒரு கட்சித் தலைவர் ஓட்டுகளைத் திருட யோசனை சொல்வது போல ஓர் ஒலிப்பதிவு பரவியது. பொய்க்குரல். பிரசாரம் முடிந்து எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் என்பதால் மறுப்பு எடுபடவில்லை. அவர் கட்சி தோற்றது. அதனால்தான் தோற்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. தொல்லையே அதுதான். நம் ஊரிலும் 2024 ஜனவரியில், 2018ல் மறைந்த கலைஞர் கருணாநிதி ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். அது கம்ப்யூட்டர் வேலை என்று எல்லாருக்கும் தெரியும், ஏமாற்று இல்லை. ஆனால் குரல் அச்சு அசல்!

தைவானில் என்விடியா கம்பெனி முதலாளி ஜென்சன் ஹுவாங்கின் முகத்தைப் போட்டு, 'இதில் பணம் போடுங்கள்' என்று போலி விளம்பரங்கள் வந்தன. ஏமாந்தவர்கள் ஏராளம். விளம்பரங்களை அரசே தணிக்கை செய்தால் ராணுவச் சட்ட கால ஞாபகம் வரும். அங்கே அது 1987 வரை அமலில் இருந்தது, யாருக்கும் மறக்கவில்லை. ஆகவே 2024 மார்ச்சில் 2 லட்சம் பேருக்குக் குலுக்கல் முறையில் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். வருகிறேன் என்றவர்களில் சுமார் 450 பேரைப் பொறுக்கி, பத்துப் பத்துப் பேராக வீடியோவில் பேச வைத்தார்கள். பேசினதைத் தொகுத்துக் கொடுத்தது யார் தெரியுமோ? அதே செயற்கை நுண்ணறிவு! முள்ளை முள்ளால் எடுத்த கதை. ஜூலையில் சட்டம் வந்துவிட்டது. விளம்பரம் கொடுப்பது யார் என்று கம்பெனிகள் காட்ட வேண்டும். மோசடி என்று தெரிவித்த பிறகும் எடுக்காவிட்டால் நஷ்டத்தில் அவர்களுக்கும் பங்கு.

வதந்திக்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்து ஜோக். 2020 பிப்ரவரியில், முகக்கவசம் செய்ய டாய்லெட் பேப்பர் மூலப்பொருளை எடுத்துவிட்டார்கள் என்று புரளி. கடைகளில் அடிதடி. பிரதமர் சூ செங் சாங் தன் பின்புறத்தை ஆட்டுகிற கார்ட்டூனை வெளியிட்டு, 'நம் எல்லாருக்கும் இருப்பது ஒன்றுதானே!' என்றார். நாடே சிரித்தது, கூட்டம் கலைந்தது. நம் தலைவர்கள் யாராவது இப்படி ஒரு படம் போட ஒப்புக்கொள்வார்களா? நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ரொம்பவும் புகழக்கூடாது. இந்தக் கூட்டங்களில் ஜனங்கள் ஒப்புக்கொண்டதை அரசு செய்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊபரில் காட்டிய வேகம் பிறகு பல விஷயங்களில் இல்லை. மந்திரிக்குக் கற்கும் ஆசை இருந்தால்தான் வாத்தியாருக்கு வேலை. 5,000 பேர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு இலாகா பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் 'முடியாது' என்பதும் பதில்தானே!

இவ்வளவு கம்ப்யூட்டரை நம்பும் ஊரில் ஓட்டு மட்டும் இன்னமும் காகிதச் சீட்டில். 2024 ஜனவரி 13 அன்று ஜனாதிபதி தேர்தல் முடிந்ததும், சாவடியிலேயே ஒவ்வொரு சீட்டாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிப் பெயரை உரக்கச் சொல்ல, இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போட்டார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து. வாசலில் நின்று யார் வேண்டுமானாலும் படம் பிடித்துக்கொள்ளலாம். பிடித்தார்கள். ராத்திரிக்குள் ரிசல்ட் வந்துவிட்டது.