மீன்தொட்டியில் காணா நஞ்சு

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் தறியொலி ஓயாத ஊர். தன் பெயரிலேயே நீரைத் தாங்கி நிற்கும் இவ்வூர் மேட்டூர் அணைக்கு அண்மையில் உள்ளதாயினும், அன்றாடப் புழக்கத்திற்கு ஆழ்குழாய்க் கிணற்றை நம்பும் வீடுகள் இங்கே பல. அத்தகைய வீடொன்றின் கூடத்தில், அறுபது லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஆறு பொன்மீன்கள் விடப்பட்டிருப்பதாகக் கொள்க. முதல் வாரம் அவை துள்ளித் திரிந்தன. பத்தாம் நாள் காலையில் அவை நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் கன்றிச் சிவந்தன. மாலைக்குள் இரண்டு மீன்கள் இறந்து மிதந்தன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. வீட்டார் தொட்டியை முற்றக் கழுவி, வடிகட்டியின் பஞ்சையும் குழாய்நீரில் பிழிந்து, புதுநீர் நிரப்பினர். அடுத்த வாரம் மேலும் இரண்டு மீன்கள் மாண்டன.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கண்ணுக்குப் புலனாகாமல் அந்நீரிற் கரைந்திருந்த நஞ்சு அம்மோனியா என்பதாகும்.

இப்பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் நமக்குப் பழையதே. பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரும் சித்த மருத்துவரும் கையாளும் நவச்சாரம் இதன் உப்புகளுள் ஒன்று. நவச்சாரத்திற்கு மணம் இல்லை. ஆயின், அதனைச் சிறிது சுண்ணாம்புடன் சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். அந்நெடியே அம்மோனியா. பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் 1770களில் இவ்வழியே இவ்வாயுவைப் பிரித்தெடுத்து, அதற்குக் காரக்காற்று என்று பெயரிட்டார். சுண்ணாம்பின் காரம் படும்வரை அடங்கிக் கிடந்தது, காரம் பட்டவுடன் சீறி எழுகின்றது. இச்சிறு செய்தியை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மீன்தொட்டியின் புதிர் முழுவதும் இதனுள் அடங்கும்.

மீன் உண்ணும் உணவில் புரதம் மிகுதி. புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரசன். உடலுக்கு வேண்டாத நைட்ரசனை நிலத்து விலங்குகள் பல யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கின்றன. மீனுக்கு அத்தொல்லை இல்லை. சுற்றிலும் நீர் இருத்தலின் அம்மோனியாவாகவே செவுள் வழியே கழித்துவிடுகின்றது. ஏரியிலும் ஆற்றிலும் அது பெருநீரிற் கலந்து மறையும். அறுபது லிட்டர் தொட்டியில் மறைவதற்கு இடமில்லை. உண்ணப்படாது அடியில் தங்கும் உணவு, அழுகும் இலை, எவர் கண்ணிலும் படாது கூழாங்கல்லிடை இறந்து கிடக்கும் நத்தை ஆகியனவும் அம்மோனியாவையே பெருக்கும்.

அங்ஙனமாயின் ஆண்டுக்கணக்கில் மீன்கள் நலமாக வாழும் தொட்டிகள் எவ்வாறு உளவாயின? இவ்வினாவின் விடை ஒரு தந்தையையும் மகனையும் பற்றிய வரலாற்றில் உள்ளது. இலண்டன் நகரத்து வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிசுநேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டு வளர்த்தார். செடியின் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி வாழ்தலை 1850ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். வீட்டு மீன்தொட்டிக்கு அக்கலமே முன்னோடி என்பர். ஆயினும், அக்கலத்தில் தமக்குத் தெரியாத நான்காவது குடியும் இருந்தது என்பதை அவர் அறிந்திலர்.

1877ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டறிஞர் இருவர், சுலோசிங்கு, முண்ட்சு என்போர், சாக்கடை நீரை மணல் நிரம்பிய குழாயின் வழியே மெல்ல ஒழுகவிட்டனர். இருபது நாள்வரை யாதொரு மாற்றமும் இல்லை. அதன்பின் அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றது. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிர்ப்பொருளே அன்றி வெறும் மணலாகாது என அவர்கள் முடிவு கட்டினர். முன்னர்க் கூறிய வாரிங்டனின் மகனார், தந்தையின் பெயரையே உடையவர், உரோதாம்சுட்டெடு வேளாண் ஆய்வுக்களத்தில் இம்மாற்றம் இரு படிகளில் நிகழ்வதைக் கண்டார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகின்றது, பின்னரே நைட்ரேட்டாகின்றது. இருபடிக்கும் உரிய நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்சுகி பிரித்து வளர்த்துக் காட்டினார். தந்தையின் மீன்கலத்தில் நிகழ்ந்ததை மகன் வயல்மண்ணில் கண்டறிந்தது வியப்பன்றோ! இரு படிகளையும் தானொன்றே முடிக்கும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாறு கண்டறியப்பட்டவற்றுள் ஒன்று மீன்வளர்ப்புக் களத்து வடிகட்டியிலிருந்து கிடைத்ததாகும்.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவன அல்ல. வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்வன. மெல்லப் பெருகும் இயல்பின. புதுத்தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இனி, நாம் கண்ட வீட்டின் துன்பத்திற்குக் காரணம் எளிதில் விளங்கும். நுண்ணுயிர் குடியேறுமுன் ஆறு பொன்மீன்களை ஒருங்கே விட்டமை முதற் பிழை. சிறிதே குடியேறியவற்றையும் குளோரின் கலந்த குழாய்நீரில் பிழிந்து கொன்றமை அதனினும் பெரிய பிழை. அழுக்கு எனக் கழுவப்பட்டதே மருந்தாக இருந்தது.

நோய் இன்னதென்று துணியச் சோதனை வேண்டும். வண்ணமீன் விற்கும் கடைகளில் அம்மோனியா காட்டும் துளிமருந்துகள் கிடைக்கும். தொட்டிநீரைச் சிறு குழாயில் எடுத்து மருந்தை இட்டால், அம்மோனியா இல்லாதவழி மஞ்சளாகவும், உள்ளவழி அளவுக்கேற்பப் பச்சையாகவும் நிறம் மாறும். தொட்டிநீரைச் சோதித்த கையோடு, தொட்டியில் ஊற்றும் குழாய்நீரையும் கிணற்று நீரையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். பலர் இதனைச் செய்வதில்லை. மூலநீரிலேயே அம்மோனியா இருப்பின், எத்துணை முறை நீர் மாற்றினும் எண் இறங்காது; பழி மட்டும் மீனின்மேல் விழும்.

சோதனை காட்டும் எண் முழுவதும் நஞ்சன்று என்பது அடுத்து அறியத்தக்கது. நீரில் அம்மோனியா இருவகையாக நிற்கும். ஒன்று நவச்சாரத்தில் உள்ளதுபோல் அடங்கிய அம்மோனியம். இதனால் மீனுக்குத் தீங்கு குறைவு. மற்றொன்று கட்டவிழ்ந்த அம்மோனியா. இதுவே செவுளை அரிப்பது. எது எவ்வளவு என்பதை நீரின் காரத்தன்மையும் வெப்பமும் உறுதி செய்யும். 25 பாகை வெப்பத்தில், பி.எச். எண் 7 உள்ள நீரில் ஆயிரத்தில் ஆறு பங்கே கட்டவிழ்ந்திருக்கும். பி.எச். 8 ஆயின் அது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டும். வெப்பம் 30 பாகையானால் ஏழரைப் பங்காகும். சேலம், நாமக்கல் சமவெளியின் கிணற்று நீர் பல இடங்களில் கடினமும் காரமும் உடையது. கோடையின் வெப்பம் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, குளிர்நாட்டு மென்னீரில் மீன் தாங்கும் அதே எண், இங்கே அதனைக் கொன்றுவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சோதனை லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டுகின்றது, பி.எச். 8, வெப்பம் 30 பாகை. நஞ்சாகிய பங்கு 0.15 மில்லிகிராம். 0.05 அளவிலேயே செவுள் கெடத் தொடங்கும். பாதி நீரை மாற்றினால் 0.075 ஆகும். இன்னொரு முறை பாதி மாற்றினால் 0.04க்குக் கீழே வரும். மீன் மேலும் மேலும் கழித்துக்கொண்டிருத்தலின், மறுநாளும் சோதித்து மாற்றுதல் வேண்டும். புதுநீரில் குளோரின் இருப்பின், சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலால் அதனை முறித்த பின்னரே ஊற்றுதல் வேண்டும். வெப்பமும் ஒத்திருத்தல் நன்று.

நீர் மாற்றும் நாள்களில் உணவை நிறுத்திவிடலாம். வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும். பசித்திருக்குமே என்று இரங்கி இடும் உணவே அதற்குக் கூற்றாகும். இறந்தவற்றையும் அழுகியவற்றையும் தேடி அகற்றுக. நலமாக நடைபெறும் வேறொரு தொட்டியிலிருந்து பழம்பஞ்சு ஒரு துண்டு பெற்று வடிகட்டியில் வைத்தால், தயிருக்கு உறைமோர் இட்டதுபோல் நுண்ணுயிர் விரைந்து பெருகும். பஞ்சில் அடைப்பு மிகுந்தால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுக. மின்சாரம் நின்றால் தறி நிற்பதுபோல வடிகட்டியும் நிற்கும். ஆயின் தறி மீண்டும் ஓடும், உயிர்க்காற்றின்றி மடிந்த நுண்ணுயிர் மீளாது. நெடுநேர மின்தடையின்போது பஞ்சை எடுத்துத் தொட்டிநீரில் கிடத்தி, நீரை அவ்வப்போது முகந்து ஊற்றிக் காற்றேற்றுதல் உதவும்.

கருத வேண்டிய இடம் இன்னும் ஒன்றுண்டு. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து நெகிழிப்பையில் இரவெல்லாம் பயணம் செய்து மீன்கள் வருகின்றன. பைநீரில் அம்மோனியா மிகுந்திருக்கும். எனினும் மீனின் மூச்சிலிருந்து வெளிப்பட்ட கரியமிலவாயு நீரைப் புளிக்கச் செய்து, அதனை அடங்கிய நிலையில் வைத்திருக்கும். பையை அவிழ்த்தவுடன் அவ்வாயு வெளியேற, நீரின் காரம் ஏறும். நவச்சாரத்தில் சுண்ணாம்பு பட்டதுபோல் நஞ்சு விழித்துக்கொள்ளும். ஆதலின், திறந்த பையில் மீனை நெடுநேரம் வைத்தலும் பைநீரைத் தொட்டியில் ஊற்றுதலும் தகா. பல மாதம் நீர் மாற்றாது புளித்த பழந்தொட்டியிலும் இதே இடர் உண்டு. அதில் கிணற்றின் காரநீரை ஒருங்கே கொட்டாது, சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும்.

அம்மோனியா இறங்கியவுடன் மகிழ்ந்து சோதனையைக் கைவிடலாகாது. அப்பொழுதுதான் நைட்ரைட்டு ஏறும்; அது குருதியின் உயிர்க்காற்றுத் தாங்கும் ஆற்றலைக் கெடுத்துச் செவுளைப் பழுப்பாக்கும். நீரில் சிறிதளவு கல்லுப்புக் கரைத்தால், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட்டு செவுளுட் புகுவதைத் தடுக்கும். பின்னர் அதுவும் இறங்கி நைட்ரேட்டு தோன்றும். நைட்ரேட்டு மீனுக்கு மிகுதியாலன்றித் தீங்கு செய்யாது, பயிருக்கோ உரம். வாரந்தோறும் முகந்தெடுக்கும் உப்பிடாத தொட்டிநீரைக் கொல்லைப்புறக் கீரைப்பாத்திக்குப் பாய்ச்சலாம்.