ஒரு நல்ல போட்டோ போதும்... நாட்டு நாய்க்கும் வீடு கிடைக்கும்!

மணவாளக்குறிச்சி,
கடற்கரையில் வள்ளம் கரையேறினால் போதும், மீன் வாடை பிடித்து நாய், பூனைகள் ஓடி வரும். அவை போடும் குட்டிகளை எடுத்து வளர்க்கத்தான் ஆள் இல்லை.

இப்படி ஆதரவில்லாத குட்டிகளுக்கு வீடு தேடித் தருகின்றன விலங்கு காப்பகங்கள். சென்னையில் 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் இவற்றில் ஒன்று. காப்பகங்களுக்கு தேவைப்படும் தொண்டர்களில் ஒருவர், போட்டோ எடுப்பவர்.

போட்டோ எதற்கு?

கம்பிக்கு பின்னால் பயந்து ஒடுங்கி நிற்கும் நாயை பார்த்தால் வளர்க்க மனசு வராது. அதே நாய் நாக்கை தொங்கப்போட்டு நேராக பார்த்தால், 'நம்ம வீட்டு திண்ணையில் கிடக்கட்டுமே' என்று தோணும். தாமதிக்கவும் கூடாது. நெருக்கடியான இடத்தில் 'பார்வோ' நோய் புகுந்தால் தடுப்பூசி போடாத நாய்க்குட்டிகள் பிழைப்பது கஷ்டம்.

எடுப்பது எப்படி?

செல்போனே போதும். கூண்டுக்கு வெளியே, காலை வெயிலில் நிழலான இடத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் கண்ணுக்கு நேராக எடுக்க வேண்டும். பிளாஷ் போட்டால் கண் பச்சையாக மின்னும், மிரளவும் செய்யும். பிஸ்கட் கவரை கசக்கினால் காதை தூக்கி பார்க்கும். கறுப்பு நாயை வெளிச்சம் பார்த்து நிறுத்தாவிட்டால் முகமே தெரியாது.

படத்தோடு வயது, தடுப்பூசி, குணம் எல்லாம் உள்ளபடி எழுத வேண்டும். கடிக்கிற நாயை 'சாது' என்று எழுதினால் மறுவாரமே திரும்பி வந்துவிடும்.

உஷார்!

கடியோ கீறலோ பட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போய் தடுப்பூசி போட வேண்டும்.