நெட் வரவில்லையா? லினக்ஸை அழிக்க வேண்டாம்!

"சித்தப்பா, கேபிள் மாட்டியிருக்கு, ஆனா நெட் வரலை!" கம்பத்தில் பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணன் மகளின் போன். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய அன்று மாலையே கடைசி நேரம். பல நாள் யோசித்துத் தயாரித்த பட்டியல் லேப்டாப்பில் இருந்தது. செல்போனின் சின்னத் திரையில் அத்தனை கல்லூரி எண்களையும் தவறில்லாமல் சேர்ப்பது சிரமம்.

அது அவளுடைய அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. பின்னாளில் அதில் லினக்ஸ் மின்ட் பதிந்து கொடுத்தவன் நான்தான். வைஃபை பழுது என்பதால் கேபிள் வழியாகத்தான் இண்டர்நெட். முந்தின நாள் டெலிபோன் லைன் மோடத்தை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்புக்கு மாறியிருந்தார்கள். செல்போனில் வைஃபை ஒழுங்காக வேலை செய்தது. பார்த்தவர்கள் எல்லாம், "லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போடு" என்றார்களாம்.

அது தேவையே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரில் தொடங்கி வாய்க்கால் ஓரமாகவே நடந்து, எங்கே உடைந்திருக்கிறது என்று பார்ப்போம் அல்லவா? இங்கேயும் அதேதான்.

கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். அதில் 'பிங்' என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு முகவரியைக் கொடுத்து எண்டர் தட்டுங்கள். விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும்; லினக்ஸில் தானாக நிற்காது. நிறுத்த கண்ட்ரோல், சி அழுத்துங்கள்.

1. முதலில் ரூட்டரின் முகவரியைப் பிங் செய்யுங்கள். பதில் இல்லை என்றால் கோளாறு வீட்டுக்குள்தான்: கேபிள் அல்லது ஐபி செட்டிங்.

2. ரூட்டர் பதில் தந்தால் 8.8.8.8 என்ற முகவரியைப் பிங் செய்யுங்கள். பதில் இல்லை என்றால் பெரும்பாலும் ரூட்டரிலோ வெளி லைனிலோ கோளாறு.

3. அதுவும் சரியென்றால் ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயரைப் பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் வேலையைச் செய்வது அதுதான்.

எங்களுக்கு முதல் படியிலேயே பதில் இல்லை. நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்தால் லேப்டாப்பின் முகவரி 192.168.1.10. செல்போனில் பார்த்தால் புதிய ரூட்டரின் முகவரி 192.168.0.1! மூன்றாவது எண் வேறு. அதாவது இரண்டும் வேறு வேறு தெருவில் நிற்கின்றன. எப்போதோ பிரிண்டரைப் பகிர்ந்துகொள்வதற்காக அந்த எண்ணை நிலையாக எழுதி வைத்தவன் நானேதான்!

ஐபிவி4 பகுதியில் 'மேனுவல்' என்றிருந்ததை 'ஆட்டோமேட்டிக்' என மாற்றி, அப்ளை கொடுத்து, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டேன். 8.8.8.8 பதில் தந்தது. ஆனால் வெப்சைட் திறக்கவில்லை. மூன்றாவது படி! டிஎன்எஸ் கட்டத்தில் பழைய மோடத்தின் 192.168.1.1 அப்படியே இருந்தது. அதை நீக்கி, டிஎன்எஸ்ஸையும் ஆட்டோமேட்டிக் ஆக்கியதும் கவுன்சலிங் பக்கம் திறந்தது. மாலைக்குள் பட்டியலைப் பதிவு செய்துவிட்டாள்.

இன்னொன்று. இணைப்பு சரியாக இருந்தும் பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று எல்லா வெப்சைட்டையும் மறுத்தால், கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும்.

எந்த செட்டிங்கை மாற்றும் முன்பும் பழைய எண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே நான் குறித்து வைத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்!