பாம்புக்கும் சளி பிடிக்கும்! பால் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து!

ஆசைக்கு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வேடசந்தூர்:-

2023-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி. கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு ஒரு விமானம் வந்து இறங்கியது. ஒரு பயணியின் பெட்டியை சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள்.

உள்ளே துளை போட்ட டப்பாக்கள். டப்பாக்களுக்குள் உயிரோடு நெளியும் மலைப்பாம்புகள். ஒன்றல்ல, இரண்டல்ல, 47! கூடவே 2 பல்லிகள்.

அவை பிடிபட்டு விட்டன. பிடிபடாமல் வருகிற பாம்புகள் எங்கே போகின்றன? வீடுகளுக்குத்தான். நாய், கிளி வளர்த்த காலம் போய், கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்க்கும் ஆசை வந்து விட்டது.

வளர்க்கிறார்கள். சரி. அந்தப் பாம்புக்கு உடம்புக்கு முடியாமல் போனால்?

மாட்டுக்கு நோய் வந்தால் மாடு கத்தும். நாய் முனகும். பாம்பு வாயே திறக்காது. சுருண்டு படுத்திருக்கும். பார்ப்பவருக்கு நன்றாகத்தான் இருப்பது போலத் தெரியும். நோய் வெளியே தெரிகிற நாளில் பாதி உயிர் போயிருக்கும். அதனால் சின்ன மாற்றத்தைக் கூட முதல் நாளே கவனிக்க வேண்டும்.

இது அந்த "பால்" அல்ல

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் வெளிநாட்டுப் பாம்பு "பால் பைத்தான்" என்னும் சிறு மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்காப் பக்கத்து ஜாதி. விஷம் கிடையாது. பயந்தால் பந்து போலச் சுருண்டு கொள்ளும். அதனால் இந்தப் பெயர். இந்த "பால்" ஆங்கிலத்துப் பந்து. குடிக்கிற பால் அல்ல!

ஆனால் பாம்பு சோர்ந்து கிடந்தால் வீட்டில் என்ன நடக்கும்? "ராசா, ரெண்டு சொட்டு பால் ஊத்துடா, சரியாப் போயிரும்" என்பார் அப்பத்தா.

கூடவே கூடாது. பாலைச் செரிக்கும் சக்தி பாம்புக்குக் கிடையாது. பாம்பாட்டியின் பாம்பு பால் குடித்ததே என்று கேட்கலாம். பல நாள் தண்ணீர் காட்டாமல் போட்டிருப்பார்கள். தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கும். வாயைப் பிளந்து ஊற்றினாலோ, பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி விடும். பாம்புக்குத் தேவை சுத்தமான தண்ணீர். அவ்வளவுதான்.

பட்டினி கிடந்தால் நோயா?

"பதினஞ்சு நாளா எலியைத் தொடவே மாட்டேங்குதுண்ணே!"

பாம்பு வளர்ப்பவர்கள் முதலில் அலறுவது இதற்குத்தான். பயப்பட வேண்டாம். பெரிய பாம்பு வாரத்துக்கு ஒரு முறையோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோதான் சாப்பிடும். பால் பைத்தான் சில சமயம் மாதக் கணக்கில் கூட சாப்பிடாமல் இருக்கும். சட்டை உரிப்பதற்கு முன் கண் நீலம் பூத்தது போல மங்கும். தோல் வெளுக்கும். அப்போதும் இரை எடுக்காது. சட்டை கழன்றதும் சரியாகி விடும்.

ஆனால் பட்டினியோடு உடம்பும் இளைத்து, முதுகெலும்பு கத்தி முனை போல எழும்பி நின்றால் அது நோய். அதனால்தான் பாம்பை மாதம் ஒரு முறையாவது தராசில் வைத்து எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

அபாய அறிகுறிகள்

* வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடுவது. மூக்கில் நுரை, குமிழி. மூச்சில் "கர்... கர்..." சத்தம். தலையை மேலே தூக்கியபடியே இருப்பது. இது நுரையீரல் சளி. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் திரை இருக்கிறது. இருமினால் சளி வெளியே வரும். பாம்புக்கு அந்தத் திரை இல்லை. சளி உள்ளேயே தங்கி விடும். இதுதான் உயிரைக் குடிப்பது.

* ஈறில் சிவப்புப் புள்ளி, வாய் ஓரத்தில் தயிர்க்கட்டி போல சீழ், வாய் சரியாக மூடாமை. இது வாய் அழுகல்.

* கண்ணைச் சுற்றியும் செதில் இடுக்கிலும் கசகசா போன்ற கறுப்புப் பூச்சிகள். பாம்பு நாள் முழுவதும் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கும். மூட்டைப்பூச்சி மருந்தை அடித்து விடாதீர்கள். பூச்சியோடு பாம்பும் போய்விடும்.

* வயிற்றுப் பக்கச் செதில் சிவந்து கொப்புளம் போடுவது. ஈரத்திலும் அழுக்கிலும் கிடப்பதால் வருவது.

* விழுங்கிய இரையைக் கக்குவது. சாப்பிட்ட உடனே கையில் எடுத்து விளையாடினாலும், குளிர் பட்டாலும், இரை பெரிதாக இருந்தாலும் கக்கும். கக்கிய பிறகு உடனே இரை கொடுக்கக் கூடாது. பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு வேண்டும்.

* சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து, கண் மேல் ஒட்டிக்கொண்டு இருப்பது. நகத்தால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் மெல்லக் கழலும். கண் மேல் ஒட்டியதை மட்டும் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

* மல்லாக்கப் போட்டால் திரும்ப முடியாமல் தவிப்பது, தலை வானத்தைப் பார்த்துத் திருகிக்கொள்வது. மலைப்பாம்பு இனத்தில் இப்படிச் செய்யும் ஒரு வைரஸ் நோய்க்கு மருந்தே கிடையாது. மற்ற பாம்புகளோடு சேர்த்து வைத்தால் அவற்றையும் தொற்றும்.

முதலில் என்ன செய்ய?

பாம்புக்குச் சொந்தச் சூடு இல்லை. சுற்றி இருக்கிற சூடுதான் அதன் சூடு. அது குறைந்தால் செரிமானமும் கெடும், நோயை எதிர்க்கும் சக்தியும் போகும்.

வேடசந்தூர் வெயில் ஊர்தான். ஆனால் மார்கழி, தை விடியற்காலையில் நமக்கே போர்வை வேண்டியிருக்கிறதே! பால் பைத்தானுக்கு பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறு பக்கம் 26 டிகிரி அளவில் சூடு இருக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டர் வையுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் கதையே வேறு. தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி அடுப்பாக மாறி விடும். பாம்பு வெந்தே செத்துப் போகும். அப்போது நிழலான, குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நோய் என்று சந்தேகம் வந்தால், பாம்பைத் தனியாக வையுங்கள். அடியில் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். கழிவும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும். கையில் எடுத்து விளையாடுவதை நிறுத்துங்கள். வாயைப் பிளந்து இரை திணிக்காதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

பிறகு டாக்டர். நம்ம ஊர் மாட்டாஸ்பத்திரியில் தினமும் பாம்பா வருகிறது? ஆகவே முதலில் போன் செய்து கேளுங்கள். கரூர் வழியாக நேர் ரோட்டில் போனால் நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தேனியிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் பாம்பு பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம்.

பாம்பை பருத்திப் பையில் போட்டு, வாயைக் கட்டி, காற்றுப் போகும் பெட்டிக்குள் வைத்து, வெயிலுக்கு முன் கொண்டு போங்கள். கடைசியாக இரை எடுத்த நாள், சட்டை உரித்த நாள், எடை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.

பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டு கை கழுவ வேண்டும். பாம்பின் குடலில் இருக்கும் சால்மோனெல்லா கிருமி குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

நம்ம ஊர் பாம்பு என்றால்?

நல்ல பாம்பு, சாரை, மண்ணுளி எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "மண்ணுளி லட்சக்கணக்கில் விலை போகும்" என்ற புரளியை நம்பி பானைக்குள் அடைத்து வைப்பவர்களும் ஜெயிலுக்குப் போக வேண்டி வரும்.

காட்டில் அடிபட்டோ சோர்ந்தோ கிடக்கும் பாம்புக்கு நீங்கள் வைத்தியம் பார்க்க வேண்டாம். சாகக் கிடக்கும் விரியனும் கடிக்கும். அறுபட்ட தலை கூட சிறிது நேரம் வரை கடிக்கும். விலகி நின்று வனத்துறைக்கோ, 101-ல் தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

பாம்பை நன்கு தெரிந்தவர்கள் இருளர்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களது கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. சர்க்கார் அனுமதியோடு பாம்பு பிடித்து, மண்பானையில் சில வாரம் மட்டும் வைத்து, விஷம் எடுத்து, காட்டிலேயே விட்டு விடுகிறார்கள். அவர்களே அதற்கு மேல் வைத்துக்கொள்வதில்லை!

"வெளிநாட்டுப் பாம்புதானே, குடகனாற்றில் விட்டு விடலாம்" என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் புளோரிடா சதுப்பு நிலத்தில் வளர்ப்பு மலைப்பாம்புகள் அப்படிப் பெருகியதால் அங்குள்ள பிராணிகள் அழிந்தன. அவற்றைப் பிடித்துக் கொடுக்க 2017-ல் இங்கிருந்து போனவர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர்கள் இருவர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மறைத்தால் மரணம்

பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சர்க்காரின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்தது.

பதிவு, ரசீது எதுவும் இல்லாமல் திருட்டுத்தனமாக வாங்கியவர் என்ன செய்வார்? பாம்பு வாயைப் பிளந்து மூச்சு விடும்போது டாக்டரிடம் போகப் பயப்படுவார். "நாளைக்குப் பார்ப்போம்" என்பார். பாலும் மஞ்சளும் கொடுப்பார். நாலாம் நாள் பாம்பு இருக்காது.

சளி, வாய் அழுகல், பூச்சி எல்லாமே ஆரம்பத்தில் கவனித்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியவை. பகிரங்கமாக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக முடியாத பாம்பை வாங்கவே வாங்காதீர்கள்!