சிற்றுயிர்க்குப் பட்டினி மருந்தாகுமா?

நம் வீடுகளில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், "இன்று வயிறு சும்மா கிடக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லங்கணம் பரம ஔஷதம் என்பது நெடுநாளைய வழக்கு. வளர்ந்த மனிதன் ஒரு வேளை, இரு வேளை உணவை விலக்குவதால் பெருந்தீங்கு நேர்ந்துவிடுவதில்லை. இதே விதியை ஒரு முயலுக்கோ, கைப்பிடிக்குள் அடங்கும் பறவைக்கோ பொருத்தினால் என்னவாகும்? அதற்குரிய விடை ஒரு முயலின் சாவினால் எனக்குத் தெரியவந்தது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் கொல்லைப்புறத்தில் மாணவர்கள் சில முயல்களை வளர்த்து வந்தனர். ஒருநாள் காலை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்து, "ஐயா, வெள்ளை முயல் நேற்றிலிருந்து புல்லைத் தொடவில்லை" என்றான். "அஜீரணமாக இருக்கும். புல்லை எடுத்து வெளியே போடு; ஒரு நாள் பட்டினி கிடந்தால் தானே சரியாகும்" என்று நான் தீர்ப்பளித்தேன். தலைமையாசிரியர் சொல்லுக்கு மறுப்பேது? மூன்றாம் நாள் காலை முயல் விறைத்துக் கிடந்தது. அந்தப் பையன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புளியமரத்தடியில் தானே குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

பின்னர் ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "முயல் அரை நாள் தின்னாமல் இருந்தாலே எங்களிடம் தூக்கி வரவேண்டும், ஐயா" என்றார். முயலின் குடல் ஓயாது அசைந்துகொண்டிருக்க வேண்டிய உறுப்பு. புல்லிலுள்ள நார்தான் அதை அசையச் செய்கிறது. உணவு நின்றால் அசைவு தளரும், வாயு சேரும், வலி மிகும், வலியால் உணவில் மேலும் வெறுப்பு உண்டாகும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. அன்றியும், பட்டினியில் உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படிந்து அதனைக் கெடுத்துவிடுகிறது. நோய் என்னவாயினும் பட்டினியே இரண்டாவது நோயாகி விடுகிறது.

சிறிய உடலுக்குப் பசி ஏன் இத்துணைக் கொடிதாகிறது? கணிதத்தைத் துணைக்கு அழைப்போம். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கொள்ளளவு 1000, புறப்பரப்பு 600. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ளதற்கோ கொள்ளளவு 1, புறப்பரப்பு 6. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்க, வெப்பம் வெளியேறும் பரப்பு மிகுகின்றது. பறவையின் உடல் வெப்பம் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கும், நமக்கு 37. ஒரு சிறு பறவை அவ்வெப்பத்தைக் காத்துக்கொள்ள நாள் முழுதும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். அதன் அடுப்புப் பெரிது, விறகறை சிறிது.

ஆகவே நோயுற்ற பறவைக்கு முதலில் தரவேண்டியது வெதுவெதுப்பு. ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில், பறவைக்கு எட்டாதவாறு 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அப்பக்கம் 30 டிகிரி அளவில் இருக்கச் செய்க. மறுபக்கம் குளிர்ந்திருக்கட்டும், உஷ்ணம் மிகுந்தால் பறவை தானே விலகிக்கொள்ளும். அடுத்தது நீர். அதன் பின்னரே ஆகாரம். குளிர்ந்த உடலில் ஊட்டிய இரை கழுத்தடியிலுள்ள தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துப் போகும். முன் ஊட்டியது இறங்கிற்றா என்று தடவிப் பார்த்த பின்பே மறுமுறை ஊட்டலாம். பல நாள் பட்டினி கிடந்த உயிருக்கு முதல் நாளிலேயே வயிறு நிறையக் கொடுத்தலும் ஆபத்து. சிறுகச் சிறுக, பல வேளையாகக் கொடுப்பதே முறை.

இங்கே நம் தாய்மார் வழக்கம் ஒன்று தீங்காக முடிகிறது. குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதுபோல், துவண்டு கிடக்கும் குருவியின் அலகைப் பிளந்து பாலை ஊற்றிவிடுகிறோம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாவின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குள் புகுந்து கொன்றுவிடும். அலகின் விளிம்பில் ஒரு துளியைத் தொட்டு வைத்தால் அது தானே உறிஞ்சும். விழுங்க வலுவற்றதாயின் மருத்துவர்தான் ஊட்ட வேண்டும். பாலும் வேண்டா, பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. புறா தன் குஞ்சுக்குப் பால் ஊட்டுகிறதே என்பீர்கள். அது தீனிப்பையில் சுரக்கும் வேறொரு பொருள். அதில் பாற்சர்க்கரை கிடையாது.

உணவின் அளவைப் போலவே அதன் தன்மையும் நோயைத் தீர்க்கும் என்பதை உலகுக்கு உணர்த்தியவை சில கோழிகள். 1890-களில் ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில், எய்க்மன் என்னும் டச்சு மருத்துவரின் ஆராய்ச்சிக் கூடத்துக் கோழிகள் கால் விளங்காது விழுந்தன. அவை இராணுவ மருத்துவமனையில் எஞ்சிய, தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்று வந்தவை. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்தார். தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் இருந்த அப்பொருளைத்தான் இன்று தயமின் என்கிறோம். 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரர் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

கினிப் பன்றியின் நிலை வேறு. நம்மைப் போலவே அதற்கும் வைட்டமின் சி-யை உடலில் ஆக்கிக்கொள்ளும் திறன் இல்லை. நோய்க் காலத்தில் அதன் தேவை இன்னும் மிகும். குடைமிளகாய்த் துண்டும் கொத்தமல்லித் தழையும் நாள்தோறும் வேண்டும். முயல் தேறும்போது அறுகம்புல்லும் காய்ந்த புல்லுமே தலையாய உணவு. ரொட்டியும் பிஸ்கட்டும் கேடு. தானாகத் தின்னாத முயலுக்கு, காய்ந்த புல்லைப் பொடித்து நீரில் குழைத்து, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சினால் கடைவாயில் சிறிது சிறிதாக ஊட்டுவதுண்டு. வயிறு உப்பிக் கல்லெனக் கிடந்தால் அதையும் செய்யலாகாது. ஆதலின் மருத்துவர் பார்த்த பின்பே கை வைக்க வேண்டும்.

நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட கிளி கிடைத்தால் வனத்துறையிடம் சேர்ப்பிக்க வேண்டும். வீடுகளில் காண்பவை பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ் எனப்படும் ஆஸ்திரேலியக் குருவிகள். என் பேத்தி ஒன்றை வளர்க்கிறாள். சென்ற ஆண்டு அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியது. "கிண்ணம் நிறையத் தினை இருக்கிறதே, தாத்தா!" என்றாள். நான் வாயால் ஊதினேன்; மேலே கிடந்தது முழுதும் உமி. இக்குருவி தினையைத் தோலுரித்துத் தின்று, தோலை அங்கேயே விட்டுவிடும். அடியில் சில மணிகளே இருந்தன; அவற்றையும் கொறித்துக் கொறித்துக் கீழே போட்டிருந்தது. நோயுற்ற பறவை தின்பதுபோல் பாவனை செய்யும். பகைவர் கண்ணுக்குத் தன் தளர்ச்சியை மறைக்கும் இயல்பு அது.

இம்முறை நான் தீர்ப்பளிக்கவில்லை. அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். மருந்துடன் ஒரு கட்டளையும் கிடைத்தது: நாள்தோறும் காலையில் எடை பார்க்க வேண்டும். 30 கிராம் உள்ள உயிருக்கு 3 கிராம் குறைவது பத்தில் ஒரு பங்கு அன்றோ? கண்ணுக்குத் தெரியாததைத் தராசு காட்டிவிடும். ஊறிய தினையும், அவித்து மசித்த முட்டையில் ஒரு சிட்டிகையும் கொடுத்து, பேத்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தாள்: 26, 26, 27, 27, 29. பத்தாம் நாள் பக்கத்தில் எண் இல்லை. காரணம் கேட்டேன். குருவி தராசில் நிற்க மறுத்து, அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறதாம்.