பிழை யாருடையது?

இரண்டாவது உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அமெரிக்க விமானப் படையினரிடையே காரணம் விளங்காத விபத்தொன்று மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வந்தது. பி-17 என்னும் குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் விமானமோட்டி அதன் சில்லுகளை உள்ளிழுத்துவிடுவார். விமானம் வயிறு நிலத்திற் பட வீழ்ந்து சேதமுறும். இத்தகைய விபத்துக்கள் விமானமோட்டியின் தவறு என்றே பதிவு செய்யப்பட்டன.

1942ஆம் ஆண்டில் ரைட் விமானத் தளத்தின் ஆய்வுகூடத்திற் சேர்ந்த அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் இத்தீர்ப்பில் அமைதி காணவில்லை. விமானமோட்டிகள் கவனமற்றவர்களாயின், எல்லா வகை விமானங்களிலும் இத்தவறு நிகழ்தல் வேண்டுமன்றோ? சி-47 என்னும் விமானத்தை ஓட்டியோர் இதனைச் செய்யவில்லையே, அஃது ஏன்? அவர் விமானமோட்டியின் இருக்கைக்கு முன்னுள்ள கருவிகளைப் பார்வையிட்டார். பி-17இல் சில்லுகளை இயக்கும் ஆளியும் சிறகு மடல்களை இயக்கும் ஆளியும் பக்கத்துக்குப் பக்கமாக, ஒரே வடிவினவாக அமைந்திருந்தன. சி-47இல் அவை அவ்வாறு அமையவில்லை. போர்க்களத்திலிருந்து களைத்துத் திரும்பிய மனிதன், மடலை உயர்த்த எண்ணிச் சில்லை உயர்த்திவிட்டான். சபானிஸ் ஓர் ஆளியின் நுனியிற் சிறு ரப்பர்ச் சில்லொன்றையும், மற்றதன் நுனியில் ஆப்பு வடிவத் துண்டொன்றையும் பொருத்தச் செய்தார். இருளிலும் கை தடவி அறியலாம். அதன்பின் அவ்வகை விபத்துக்கள் அருகிப் போயின.

இன்று பயனர் அனுபவ ஆய்வு எனப்படும் தொழிலின் அடிப்படை முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. பொருளைப் பயன்படுத்துவோன் தவறு செய்தால், பழியை அவன்மீது சுமத்துமுன் பொருளையும் சூழ்நிலையையும் ஆராய்தல் வேண்டும் என்பதே அவ்வடிப்படை. 'பயனர் அனுபவம்' என்ற தொடர், 1990களின் முற்பகுதியில் டொனால்ட் நோர்மன் என்னும் அறிஞர் ஆப்பிள் நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில் வழக்குக்கு வந்தது. பெயர் புதிதாயினும் பணி பழையது. கைத்தொலைபேசிச் செயலிகள், வங்கியின் பணம் வழங்கும் இயந்திரங்கள், வைத்தியசாலைக் கருவிகள், அரசாங்கப் படிவங்கள் ஆகிய அனைத்தும் இவ்வாய்வுக்கு உரியவை. இத்தொழிலை நாடும் இளைஞரும் யுவதிகளும் முதலிற் கற்கவேண்டிய முறைகள் யாவை, அவற்றை எங்ஙனம் பயில்வது என்பனவற்றையே இப்பேச்சில் விளக்க முற்படுகின்றேன்.

முதலாவது முறை, இருக்குமிடஞ் சென்று நோக்குதல். மனிதர் தாம் செய்வதாகக் கூறுவதும் உண்மையிற் செய்வதும் பல வேளைகளில் ஒன்றாயிருப்பதில்லை. அவர்கள் பொய்யுரைக்கின்றார்கள் என்பது இதன் பொருளன்று. கை பழகிய செயலை வாய் மறந்துவிடுகின்றது. ஆகவே, கணக்கெழுதுவோரின் வேலையை அறிய விரும்புவோர் அவருடைய மேசையருகே அமர்ந்து பார்த்தல் வேண்டும். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியுள்ள துண்டுக் கடதாசி, தொலைபேசிக்கு அடியில் வைத்த எண்களின் பட்டியல் ஆகியவை சிறு பொருள்களாகத் தோன்றலாம். அவை ஒவ்வொன்றும், பொருளில் உள்ள குறையொன்றை மனிதன் தானே சமாளித்துக்கொண்டதற்குச் சான்று. கண்டதையும், கண்டதிலிருந்து நாம் ஊகித்ததையும் வெவ்வேறாக எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ளல் நன்று. "அவர் மூன்று முறை பின்னுக்குச் சென்றார்" என்பது கண்டது. "அவர் குழப்பமடைந்தார்" என்பது ஊகம்.

இரண்டாவது, செவ்வி காணுதல். புதியோர் பெரும்பாலும் செய்யும் தவறு, எதிர்காலத்தைப் பற்றி வினவுவதாகும். "இத்தகைய வசதி இருந்தாற் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால், மரியாதையுள்ள மனிதர் "ஆம்" என்றே மொழிவர். அதனைக்கொண்டு யாதொன்றும் தீர்மானிக்க இயலாது. "கடைசியாக எப்பொழுது மின்சாரக் கட்டணஞ் செலுத்தினீர்கள்? அன்று நடந்ததைத் தொடக்கத்திலிருந்து கூறுங்கள்" என்று கேட்டால், நிகழ்ந்த செய்தி கிடைக்கும். 1947ஆம் ஆண்டில் போல் பிற்ஸ், றிச்சட் ஜோன்ஸ் என்னும் இரு ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. விமானக் கருவிகளை இயக்குகையில், தாம் செய்த அல்லது கண்ணாற் கண்ட தவறொன்றை விவரிக்குமாறு அவர்கள் விமானமோட்டிகளைக் கேட்டனர். இவ்வாறு 460 சம்பவங்கள் சேர்ந்தன. அவற்றுள் ஏறக்குறையப் பாதி, ஒரு கருவிக்குப் பதிலாக வேறொன்றை இயக்கிய தவறுகள். விமானத்துக்கு விமானம் கருவிகளின் வரிசை மாறியிருந்தமை இதற்கொரு காரணம் என்பது தெளிவாயிற்று. நிகழ்ந்ததைக் கேட்டமையாலேயே அவர்கள் காரணத்தை எட்டினர்.

செவ்வி காண்போனுக்கு வேண்டிய மற்றொரு பண்பு மௌனம். விடை கூறியவர் சற்று நிறுத்தும்போது, உடனே அடுத்த வினாவை எழுப்பாது பொறுத்திருந்தால், அவர் தாமாகவே தொடர்ந்து பேசுவர். பெறுமதியான செய்தி பல முறை அப்பொழுதுதான் வெளிப்படும்.

மூன்றாவது, பயன்பாட்டுச் சோதனை. பொருளின் மாதிரியொன்றை ஒருவரிடம் ஒப்படைத்து, உண்மையான வேலையொன்றைச் செய்யுமாறு வேண்டி, மனத்தில் எழுவதை வாய்விட்டுக் கூறச் செய்து, நாம் அருகிலிருந்து நோக்குவதே இது. வாய்விட்டுச் சிந்திக்கச் செய்யும் இம்முறையை உளவியலாளர் முன்னரே கையாண்டனர், ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேற்றன் லூயிஸ் என்பவர் 1982இல் கணினிப் பொருள்களை ஆராய்வதற்கு அதனை வகுத்துரைத்தார். அக்காலத்திலேயே, செறொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் லூசி சச்மன் என்னும் மானிடவியலாளர் பிரதியெடுக்கும் இயந்திரமொன்றைப் பற்றி ஆராய்ந்தார். அவர் இருவர் இருவராக மக்களை அதன் முன் நிறுத்தி, அவர்களின் உரையாடலைப் படமாகப் பதிவு செய்தார். கணினியியலிற் கைதேர்ந்த விஞ்ஞானிகளும் அவ்வியந்திரத்தின் முன் தடுமாறினர். அப்படத்தைக் கண்டபின், பயன்படுத்துவோரின் அறியாமையே காரணம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவருடைய ஆய்வு 1987இல் நூலாக வெளிவந்து பெரும் பெயர் பெற்றது.

சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற வினா எப்பொழுதும் எழும். 1993இல் ஜேக்கப் நீல்சன், தோமஸ் லாந்தவர் ஆகியோர் இதற்கொரு கணக்கை வெளியிட்டனர். ஒருவரைச் சோதிக்கையிற் பொருளிலுள்ள குறைகளுள் சராசரியாக நூற்றுக்கு 31 வெளிப்படுமாயின், ஐவரைச் சோதிக்கையில் ஏறக்குறைய நூற்றுக்கு 85 வெளிப்படும். ஆகவே, ஐவரைச் சோதித்து, குறைகளைத் திருத்தி, மீண்டும் ஐவரைச் சோதிப்பது சிக்கனமான வழியாகும். எனினும், இக்கணக்கைப் பிழையாக விளங்கிக்கொண்டோர் பலர். இது குறைகளைக் கண்டுபிடிப்பதற்குரிய கணக்கு, அளப்பதற்குரியதன்று. ஐவரும் வேலையை வெற்றியாக முடித்தனர் என்பதால் மக்கள் எல்லோரும் வெற்றி பெறுவர் என்று கூற இயலாது. புள்ளிவிபரவியல் முறைப்படி நோக்கின், உண்மையான வெற்றி வீதம் பாதியளவாகவும் இருக்கக்கூடும்.

அளக்கவேண்டுமாயின் நான்காவது முறையாகிய வினாக்கொத்து உதவும். எழுமாறாகத் தெரிந்தெடுத்த 100 பேரிடம் வினவினால், விடையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து அங்குமிங்கும் வழு ஏற்படலாம். 400 பேராயின் அது ஐந்தாகக் குறையும். வழுவைப் பாதியாக்க நான்கு மடங்கு மக்கள் வேண்டும் என்பதை இதனால் அறியலாம். ஆனால், "எழுமாறாக" என்ற சொல்லே இங்கு உயிர்நிலை. தாமாக முன்வந்து விடையளித்தோர் பதினாயிரவர் ஆயினும், அவர்கள் மற்றையோரைப் பிரதிநிதித்துவம் செய்வர் என்பதற்கு உறுதியில்லை. பொருளின் பயன்பாட்டு எளிமையை மதிப்பிட ஜோன் புறூக் என்பவர் 1986இல் வகுத்த பத்துக் கூற்றுக்கள் கொண்ட வினாக்கொத்து இன்றும் பரவலாக வழங்குகின்றது. புதியோர் தாமே வினாக்களை இயற்றுமுன் அதனைப் படித்தறிதல் பயன் தரும்.

ஐந்தாவது, ஒப்பீட்டுப் பரிசோதனை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1945இற் சேர்ந்த ஜோன் கார்லின் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் இதில் வழிகாட்டிகள். தொலைபேசியின் சுழல் வட்டிலிருந்த எண்களைத் துளைகளுக்கு வெளியே மாற்றியமைத்தபின், மக்கள் எண்களைச் சுழற்றும் வேகம் குறைந்தது. விரல் குறிவைப்பதற்குத் துளையினுள் ஏதுமில்லாமையே காரணம் என்று கார்லின் கண்டார். ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஒரு வெண்புள்ளி இட்டதும் பழைய வேகம் மீண்டது. பின்னர், அழுத்தும் பொத்தான்களைப் பல்வேறு ஒழுங்குகளில் அமைத்து, மக்கள் எண்களை அழுத்தும் நேரத்தையும் செய்யும் பிழைகளையும் அளந்தனர். அம்முடிவுகள் 1960இல் வெளியாயின. 1963 நவம்பரிற் பாவனைக்கு வந்த பொத்தான் தொலைபேசியின் எண் ஒழுங்கே இன்றும் நம் கைத்தொலைபேசிகளிற் காணப்படுகின்றது. இவ்வகைப் பரிசோதனையில் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஒருவர் முதலில் ஓர் ஒழுங்கையும் பின்னர் மற்றதையும் பயன்படுத்தினால், இரண்டாவது வேளையில் அவர் பழகியவராவார். ஆதலின், பாதிப்பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்தல் முறையாகும்.

கார்லினைப் பற்றிய வேறொரு செய்தியும் உண்டு. தொலைபேசி வடத்தின் நீளத்தைக் குறைக்கலாமா என்று அறிய, அவருடைய குழுவினர் மூன்று நாட்களுக்கு ஒரு முறை சக ஊழியரின் அறைகளுக்கு இரகசியமாகச் சென்று, வடத்தை ஒவ்வோர் அங்குலமாகக் குறைத்து வந்தனர். ஓரடி குறையும்வரை ஒருவரும் அதனை உணரவில்லை. கேட்க இனிய கதைதான். ஆயினும் இன்று பயில்வோர் இதனைப் பின்பற்றுதல் தகாது. ஆய்விற் பங்குபற்றுவோர்க்கு நோக்கத்தை எடுத்துரைத்து, அவர் இசைவைப் பெற்று, விரும்பியபோது விலகும் உரிமையையும் அளித்தல் இத்தொழிலின் ஒழுக்கமாகும். "நாங்கள் சோதிப்பது உங்களையன்று, இப்பொருளையே" என்று தொடக்கத்திற் கூறுவதும் அவ்வொழுக்கத்தின்பாற்பட்டதே. அதனைக் கூறிய பின்னும், பலர் தடுமாறியதும் "எனக்கு இவையெல்லாம் விளங்காது" என்று தம்மையே நொந்துகொள்வர்.

இத்தனை முறைகளும் எதற்காக, அறிவுள்ளோர் கூடிப் பொருளைப் பார்த்தாற் போதாதா என்று சிலர் வினவலாம். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் அதற்கு விடையளிக்கின்றது. புளோரிடா மாநிலத்துப் பாம் பீச் பகுதியில், முதியோர் எளிதில் வாசிக்கும்பொருட்டு எழுத்துக்களைப் பெரிதாக்கி, வேட்பாளர் பெயர்களை எதிரெதிரான இரு பக்கங்களில் அச்சிட்டனர். துளையிடும் இடங்கள் நடுவில் ஒரே வரிசையாக அமைந்தன. இடப்பக்கத்தில் அல் கோரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. அவருக்குரிய துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்துப் பற்றிக் புக்கனனுக்கு உரியது. அங்கு புக்கனன் பெற்ற வாக்குகள் 3,407. அவற்றுள் 2,000க்கு மேற்பட்டவை கோருக்கு அளிக்க எண்ணியவை என்று 2001இல் வெளியான அரசியலறிவியல் ஆய்வொன்று முடிவு செய்தது. அம்மாநிலத்தில் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்குகளே. வாக்குச்சீட்டின் மாதிரி முன்னரே வெளியிடப்பட்டிருந்தது, கட்சியினரும் பார்த்திருந்தனர். நல்லெண்ணத்துக்கும் அங்கு குறைவில்லை. ஆனால், சீட்டைப் பார்த்து ஒப்புதல் கூறுவது ஒன்று; வாக்காளர் ஒருவரின் கையிற் கொடுத்துத் துளையிடச் செய்வது வேறொன்று.

இனி, இம்முறைகளைப் பயிலும் வழியைச் சுருக்கமாகக் கூறுவேன். உளவியல், மானிடவியல், புள்ளிவிபரவியல், கணினியியல் ஆகியவற்றுள் எதனைக் கற்றோரும் இத்தொழிலுக்கு வரலாம். ஆசிரியராகவோ தாதியாகவோ பணியாற்றி வந்தோரும் உளர். எவராயினும், படித்தல் மட்டும் போதாது. வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் இசைவைப் பெற்று, அவர் கைத்தொலைபேசியிற் பஸ் நேரத்தைத் தேடுவதை உதவி செய்யாது பார்த்திருங்கள். உதவாதிருப்பது எத்துணைக் கடினம் என்பதை முதல் நாளிலேயே உணர்வீர்கள். நம் நாட்டு அரசாங்கப் படிவமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எடுத்து, ஒவ்வொரு மொழிக்கும் ஐவராக நிரப்பச் செய்து, எந்தக் கட்டத்தில் எழுதுகோல் தயங்குகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மொழியில் தெளிவான வினா மற்றொன்றில் மயக்கந் தருகின்றதா என்பது அப்பொழுது புலப்படும்.

பின்னர், கண்டவற்றை இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல் எழுதுங்கள்: எதனை அறிய விரும்பினீர்கள், யாரைச் சந்தித்தீர்கள், என்ன கண்டீர்கள், எதனை மாற்றவேண்டும், எதனை இவ்வாய்வு கொண்டு கூற இயலாது. இறுதியாகச் சொன்ன பகுதியை விட்டுவிடாதீர்கள். ஆய்வாளன்மீது பிறர் வைக்கும் நம்பிக்கை அதனால் வளரும். இவ்வாறு எழுதிய நான்கைந்து அறிக்கைகளின் தொகுப்பு, வேலை தேடிச் செல்லும்போது சான்றிதழுக்குத் துணையாக நிற்கும்.

வங்கியிலோ வைத்தியசாலையிலோ ஒருவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கத்தோடு நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அடுத்த முறை அவரைக் காணும்போது, அவருடைய முகத்தைப் பார்த்தபின் அவர் கையிலுள்ள படிவத்தையும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.